ஒரு மருமகன், இரண்டு கிளினிக் கொப்பிகள்

குருவிமலைத் தோட்டம்,
மேற்பிரிவு,
ஹல்துமுல்லை.
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் விஜேந்திரன் அவர்களுக்குக் கணபதி எழுதிக்கொள்வது,

இங்கே எல்லோரும் சுகம், அங்கே உங்கள் சுகமறிய ஆவல் என்று தொடங்காவிட்டால் அது கடிதமே இல்லை என்று பள்ளிக்கூடத்தில் பிரம்பால் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பிரம்புக்காக எழுதிவிட்டேன். மற்றபடி இங்கே ஒருவரும் சுகமில்லை. உங்கள் தங்கை பெரியாயி என்னோடு பேசுவதை நிறுத்திப் பத்தொன்பது நாளாகிறது. சோற்றை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து, "சாப்புடச் சொல்லு" என்கிறாள். சுவர் என்னிடம் சொல்லாவிட்டாலும் நானே புரிந்துகொண்டு சாப்பிடுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். மகள் சுதர்ஷினிக்கு எடுத்தால் வெட்டுகிறாள். மாப்பிள்ளைக்கு எடுத்தால் அடித்து அடித்து ஓய்கிறது. உங்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிய ஏழு செய்திகளுக்கும் நீலக் கோடு விழுந்திருக்கிறது, பதில்தான் விழவில்லை. கடிதத்தை வெட்ட முடியாது. கிழிக்கலாம், ஆனால் கிழிப்பதற்கு முன் எந்த மனிதனும் ஒரு தடவை படித்துவிடுவான் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நான் உங்கள் தங்கையைக் கட்டினேன், நீங்கள் என் தங்கை விஜயலெட்சுமியைக் கட்டினீர்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. அந்த உரிமையில்தான் உங்கள் மகன் நிஷாந்தை என் மகளுக்குக் கட்டி, வீட்டோடு மாப்பிள்ளையாக மொனராகலையிலிருந்து இங்கே கொண்டுவந்து, என் கையாலேயே தோட்டத்தில் பேர் பதிந்து கொடுத்தேன். இன்று அவன் என் மகளையும் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறான். குற்றம் முழுக்க என்னுடையது என்று அங்கே பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மச்சான், அவனுக்கு வந்த நோய் உங்கள் வீட்டு நோய். மொனராகலை வெயிலில் காய்ந்து, அந்த உப்புத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த உடம்பு. எங்கள் பக்கத்தில் இப்படி ஒன்று கிடையாது.

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் காலையில் மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு குழாயடிக்கு வந்தான். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். "புது மாப்புள, பாத்து நடங்க" என்று ஒருத்தி சொல்ல, எனக்கே கூச்சமாகப் போயிற்று. ஒரு வாரத்தில் அடங்கிவிடும் என்று பார்த்தால் ஒரு மாதமாயிற்று, இரண்டு மாதமாயிற்று, காலையில் எழுந்தால் அதே சுவர், அதே நடை. நம் தோட்டத்தில் ஆறரைக்குப் பெரட்டு. எல்லோரையும் நிறுத்திப் பேர் கூப்பிடும்போது வந்து நின்றால்தான் அன்றைக்குப் பேர் விழும், பேர் விழுந்தால்தான் சம்பளம். நான் கங்காணி, பேர் கூப்பிடுகிறவன். என் மாப்பிள்ளை ஆறே முக்காலுக்கு மரப்படியில் ஒரு காலை வைத்து யோசித்துக்கொண்டு நிற்கிறான். மற்றவனாக இருந்தால் ஐந்து நிமிஷம் பார்த்திருப்பேன். மாப்பிள்ளையாகப் போய்விட்டானே, ஊர் பேசுமே என்று முதல் ஆளாக அவனைத்தான் திருப்பி அனுப்பினேன். "மாமா, கொஞ்சம் நடந்தா சரியாயிரும், பத்து மணிக்கு நல்லா வேல செய்வேன்" என்றான். பத்து மணிக்கு வேலை செய்கிறவனுக்குப் பத்து மணிக்குப் பெரட்டு வைக்க இது என்ன என் அப்பன் வீட்டுத் தோட்டமா? அன்று சாயந்தரம் மைதானத்துப் பக்கம் போனால், காலையில் சாகக் கிடந்தவன் வொலிபோல் விளையாடிக்கொண்டிருக்கிறான். வலைக்கு மேலே எகிறி அடிக்கிறான் மச்சான். நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன்.

வலிக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியில் குளிசை கொடுத்தார்கள். பிறகு டவுன் ஆஸ்பத்திரியில் முதுகு கிளினிக்குக்கு எழுதிப் போட்டார்கள். அங்கே நோயையும் மருந்தையும் எழுதி வைக்கிற கொப்பி ஒன்று திறந்து, இன்னும் பலமான குளிசை கொடுத்தார்கள். முதுகு கொஞ்சம் இளகியது உண்மை. ஆனால் முதுகு இளகிய கையோடு வயிறும் இளகிவிட்டது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் மலையில் மணிக்கு ஒரு தடவை கத்தியை வைத்துவிட்டு ஓடைப் பக்கம் ஓடினான். காலையில் படியிறங்க முடியாதவன் அப்போது ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உங்கள் தங்கை முதுகுக்கென்று பூண்டுப் பால் கொடுத்தாள், அது வயிற்றுக்கு ஆகவில்லை. வயிற்றுக்கென்று மாதுளந்தோல் அவித்துக் கொடுத்தாள், அது எதற்குமே ஆகவில்லை. அவன் பதினொரு கிலோ மெலிந்தான். இரத்தமும் போகிறது என்று சுதர்ஷினிக்கு மட்டும் சொல்லியிருக்கிறான். அவள் அழுத பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. பயந்துபோய் பண்டாரவளையில் ஒரு வயிற்று டாக்டரைக் காசு கட்டிச் சனல் பண்ணி, அவனைக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே இன்னொரு கொப்பி திறந்தோம்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது கொப்பியை முதல் டாக்டரிடம் காட்டாதே என்று சொன்னது நான்தான். மறுக்கவில்லை. ஆனால் ஏன் சொன்னேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. முப்பத்தொரு வருடமாகப் பேர் போடுகிறவன் நான். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் மேற்பிரிவிலும் பேர், கீழ்ப்பிரிவிலும் பேர் விழுந்தால் அது களவு. ஒரு தடவை ஒருத்தன் அப்படிப் பிடிபட்டபோது ஆபீஸில் இரண்டு பிரிவிலும் சேர்த்து வெட்டினார்கள், மனிதன் வெலிமடைக்குப் போய் உருளைக்கிழங்கு மூட்டை தூக்கினான். ஒரு உடம்பை இரண்டு டாக்டரிடம் பதிந்து வைத்திருப்பது தெரிந்தால் இரண்டு பேருமே கோபித்துக்கொண்டு வெட்டிவிடுவார்களே என்ற பயம் எனக்கு. அதனால் முதுகு டாக்டரிடம் போனால் முதுகைப் பற்றி மட்டும் பேசு, வயிற்று டாக்டரிடம் போனால் வயிற்றைப் பற்றி மட்டும் பேசு என்று சொல்லி வைத்தேன். மறந்துபோய்ப் பேசிவிடுவான் என்று கூடவே போய்க் காவலும் இருந்தேன். ஒரு கொப்பி காட்டும்போது மற்றக் கொப்பி என் இடுப்பில் இருக்கும். இதில் எனக்கு என்ன லாபம், நீங்களே சொல்லுங்கள்.

வயிற்று டாக்டர் இரண்டு வாரம் அசையாமல் படுக்கச் சொன்னார். படுத்தான். இரண்டு வாரம் முடிந்த காலையில் பார்த்தால், பாயிலிருந்து எழும்ப முடியவில்லை. ஒரு பக்கம் புரளவும் முடியவில்லை. ஓய்வெடுத்தவனுக்கு வலி கூடுமா? உலகத்தில் எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இரண்டு வாரம் படுத்துச் சுகம் கண்டுவிட்டான் என்றுதான் எனக்குத் தோன்றியது. அன்று என்னை எது பிடித்ததோ தெரியவில்லை. பெரட்டுக்குப் போனேன். நூற்றுப்பத்துப் பேர் நிற்கிறார்கள். "வேலைக்கு வராதவன் மருமகனா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். நிஷாந்த் பேர வெட்டச் சொல்லி ஆபீஸுக்கு எழுதியாச்சு" என்று சத்தமாகச் சொன்னேன். இரண்டு மூன்று பேர் கையும் தட்டினார்கள். கொழுந்துக்காரிகள் வரிசையில் சுதர்ஷினி கூடையோடு நின்றாள். தலைக் கயிற்றைச் சரி செய்துகொண்டு மலைக்கு ஏறிவிட்டாள். அன்றைக்கு இருபத்திரண்டு கிலோ எடுத்தாள். நான்தான் நிறுத்துப் பார்த்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை முதுகு கிளினிக். அங்கே புதிதாக யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று டாக்டராக வந்திருக்கிறது, பெயர் துவாரகா. எங்கள் நம்பர் வருவதற்குள் மாப்பிள்ளை மூன்று தடவை கக்கூசுக்குப் போய் வந்தான். அந்தப் பிள்ளை அதைக் கதவு வழியாகப் பார்த்திருக்கிறது. உள்ளே போனதும் முதுகைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"உங்களுக்கு எவ்வளவு காலமா வயித்தால போகுது?"

அவன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "அது வேற டாக்டரோட வியாதிங்க" என்றேன்.

அந்தப் பிள்ளை பேனாவைக் கீழே வைத்தது. "என்ன ஐயா சொல்லுறியள்? உடம்பு ஒண்டுதானே?"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. மாப்பிள்ளையே என் இடுப்பைக் காட்டிக் கொடுத்துவிட்டான். இரண்டாவது கொப்பியை எடுத்து மேசையில் வைத்தேன். களவாகப் பேர் போட்டவன் ஆபீஸில் நிற்பதுபோல் நின்றேன். அந்தப் பிள்ளை இரண்டு கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, தேதி தேதியாக விரலை வைத்துப் பார்த்தது. வெட்டிவிடப் போகிறது என்று நினைத்தேன். அது ஏசவே இல்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஐயா, இவருக்கு முள்ளந்தண்டில இருக்கிறது சும்மா சுளுக்கில்லை, அழற்சி வாதம். இந்த வருத்தம் இருக்கிற கனபேருக்குக் குடலிலயும் அழற்சி இருக்கும். சில பேருக்கு அது வெளிய தெரியிறதே இல்லை. இவருக்கு ரெண்டும் இருக்கிற மாதிரித்தான் தெரியுது. ரெண்டும் ஒரே அடுப்பு. முதுகுக்கு நாங்கள் குடுத்த குளிசை குடலில எண்ணெய் ஊத்தியிருக்கு. குடலுக்கு அவர் படுக்கச் சொன்னது முதுகைப் பூட்டியிருக்கு. ஒருத்தருக்கும் மற்றாள் செய்யிறது தெரியேல்லை. யாரும் சொல்லேல்லையே."

நான்தான் சொல்லவில்லை என்பதை அந்தப் பிள்ளை சொல்லவில்லை. மாப்பிள்ளையும் சொல்லவில்லை. பிறகு அது இன்னும் விளக்கியது. இந்த வருத்தம் படுத்தால் கூடுமாம், நடந்தால் குறையுமாம், விடியற்காலையில்தான் உச்சத்தில் இருக்குமாம். காலையில் தூணாக நிற்கிறவன் சாயந்தரம் பந்து அடிப்பதுதான் இந்த நோயின் அடையாளமே என்றது. அதாவது மச்சான், எதை வைத்து நான் அவனைக் கள்ளன் என்று முடிவு கட்டினேனோ, அதை வைத்துத்தான் அந்தப் பிள்ளை அவனை நோயாளி என்று கண்டுபிடித்தது. பழைய குளிசையை நிறுத்தியது. இரண்டு டாக்டரும் சேர்ந்து பேச வேண்டும், குடலைக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், இரண்டுக்கும் சேர்த்துக் கேட்கிற ஊசி இருக்கிறது, பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றது. கடைசியில் இரண்டு கொப்பியையும் ஒன்றாக அடுக்கி, முதுகில் வெள்ளைப் பிளாஸ்டரை ஒட்டி ஒரே கொப்பியாக்கிக் கொடுத்தது.

வீட்டுக்கு வந்து மாப்பிள்ளை கொப்பியைச் சுதர்ஷினியிடம் கொடுத்தான். அவள் அந்தப் பிளாஸ்டரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அப்பா, ஒங்க பெரட்டுல இனி எங்க ரெண்டு பேரு பேரையும் கூப்புடாதீங்க" என்றாள். மறுநாள் முதல் பஸ்ஸில் போய்விட்டார்கள். உங்கள் தங்கை என்னிடம் கடைசியாகப் பேசியது அன்றைக்குத்தான். "தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். அதன் பிறகுதான் சுவர்.

நடந்தது இதுதான். இதில் நான் வேண்டுமென்று செய்த தவறு என்ன? கங்காணி கங்காணி வேலையைச் செய்தேன். எனக்கு என்ன தெரியும், முதுகுக்கும் வயிற்றுக்கும் சம்பந்தம் உண்டென்று எந்தக் கங்காணிக்குத் தெரியும்? பழக்க தோஷத்தில் தினமும் காலையில் நிஷாந்த் என்று ஒரு தடவை கூப்பிட்டுவிடுகிறேன். பதில் வராது. நூற்றுச் சொச்சம் பேரும் தரையைப் பார்க்கிறார்கள். வெட்டிய பேரைத் திரும்பப் பதியச் சொல்லி ஆபீஸில் மூன்று தடவை கேட்டுவிட்டேன். "நீங்கதானே கங்காணியார் வெட்டச் சொன்னீங்க" என்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது மச்சான். அவன் என் தங்கை வயிற்றுப் பிள்ளை. சின்ன வயதில் நான் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன்.

ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறது. மூத்தவன் நான் வந்து வாசலில் நிற்க முடியாது. உங்கள் படி ஏற மாட்டேன், இது முடிவு. அவர்களாக வந்தால் கதவு திறந்திருக்கும். தீபாவளிக்குள் வராவிட்டால் எனக்கு மகளும் இல்லை, மருமகனும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன். நோயைக் கொடுத்த வீட்டார் நீங்கள், நீங்கள்தான் நியாயம் பேசி அனுப்பி வைக்க வேண்டும்.

தங்கை விஜயலெட்சுமிக்கு என் ஆசியைச் சொல்லுங்கள். மாரியம்மன் உங்கள் எல்லோருடைய முதுகையும் வயிற்றையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
மா. கணபதி, கங்காணி.

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று திங்கட்கிழமை. டாக்டர் கதையில் பின்பாதியை எழுதாமல் விட்டுவிட்டேன். குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி உண்டா என்று அந்தப் பிள்ளை கேட்டபோது, இது அவர்கள் அப்பா பக்கத்து நோய் என்று உங்கள் வீட்டைத்தான் நீட்டி முழக்கிச் சொன்னேன். அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "ஐயா, என்னைப் பாக்கிறதுக்கு ஏன் முழு உடம்பையும் திருப்புறியள்? கழுத்தை மட்டும் திருப்புங்கோ பாப்பம்" என்றது. திரும்பவில்லை. "குனிஞ்சு கால்விரலைத் தொடுங்கோ" என்றது. "நான் குனிஞ்சு பழக்கமில்லீங்க, முப்பத்தொரு வருஷத்துல ஒரு தொரைக்கும் குனிஞ்சதில்ல" என்றேன். "எனக்காக ஒருக்கா குனியுங்கோ" என்றது. கை முழங்காலோடு நின்றுவிட்டது. சுவரில் சாய்ந்து நிற்கச் சொன்னது. மண்டைக்கும் சுவருக்கும் நடுவில் அதன் கை முழுக்கப் போய் வந்தது. "ஐயா, நீங்கள் குனியாமல் இருக்கேல்லை. உங்களுக்குக் குனிய ஏலாது" என்றது. எனக்கும் அதே வருத்தமாகத்தான் இருக்கும், இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், இது இரத்த வழியில் வரக்கூடியது, என் தங்கை விஜயலெட்சுமி வழியாகப் பிள்ளைக்குப் போயிருக்கலாம் என்றது. வயிறு எப்படி என்றும் கேட்டது. அதை எழுத வேண்டாம்.

மச்சான், நான் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மூன்று மணிக்கு எழும்புகிறவன். சுவரைப் பிடித்து முன்னும் பின்னும் நடந்து, சுடுதண்ணீரை ஊற்றி ஊற்றி, முதுகு விட்டுக்கொடுத்த பிறகுதான் பெரட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பேன். எல்லா ஆம்பிளைக்கும் விடியற்காலை அப்படித்தான் இருக்கும், வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்தேன். நான் சொல்லாமல் தாங்கியதை இவன் ஏன் வாய்விட்டுச் சொல்கிறான் என்பதுதான் என் கோபமே. நோய் எங்கள் வீட்டு நோய். உங்கள் வீட்டைப் பற்றி எழுதிய எல்லா வரியையும் அடித்துவிடுங்கள். என் பேனா தீர்ந்துகொண்டிருக்கிறது, நானே அடிக்க முடியவில்லை.

இன்று பெரட்டுக்குப் போகவில்லை. முதல் பஸ்ஸில் ஏறி, வெல்லவாயாவில் மாறி, உங்கள் வீட்டுக்கு எதிரே முஷ்ரிபாவின் தேத்தண்ணிக் கடையில் பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். மூன்று பிளேன்டீ குடித்தாயிற்று. சுதர்ஷினி வேலியில் உடுப்புக் காயப்போட்டாள். தலையைக் குனிந்து மறைந்துகொள்ளலாம் என்றால் குனிய வரவில்லை, நல்ல வேளை அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பிறகு மாப்பிள்ளை வந்து ரோட்டில் மேலும் கீழும் நடந்தான். டாக்டர் சொன்னபடி நடக்கிறான். கொஞ்சம் தேறியிருக்கிறான். கூப்பிடலாம் என்று எழும்பப் பார்த்தேன். மூன்று மணி நேர பஸ்ஸும் இந்த வாங்குப் பலகையும் சேர்ந்து என்னைப் பூட்டிவிட்டன. முஷ்ரிபா கையைப் பிடித்து இழுத்தும் நடக்கவில்லை. அதனால் கடிதத்தை அவளிடமே கொடுத்து அனுப்புகிறேன். மாப்பிள்ளையை அனுப்புங்கள் மச்சான். இந்த முதுகை எந்தப் பக்கம் புரட்டி, எங்கே கை கொடுத்து எழுப்ப வேண்டும் என்று அவனுக்குத்தான் தெரியும். அவன் வர மாட்டேன் என்றால் அதையும் முஷ்ரிபாவிடம் சொல்லி அனுப்புங்கள். கோபித்துக்கொண்டு போவதற்குக்கூட என்னால் இப்போது எழும்ப முடியாது.